கெகல் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இடுப்புத் தள விஷயத்தில் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அம்மாபேட்டையில் தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தும்மல் வந்தால் கவனித்துப் பாருங்கள். ஒரு கை வேலையை விட்டுவிட்டு மூக்குக்குப் போகும். இன்னொரு கை மடியில் சேலையை அழுத்திப் பிடிக்கும். பக்கத்துத் தறியில் இருப்பவர் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பார். அவருக்கும் அதே பாடுதான். கேட்டால், "ரெண்டு பெத்தாச்சுல்ல கண்ணு, இனி இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

இந்த "இப்படித்தான்" என்பதுதான் முதல் தவறு. இருமும்போது, சிரிக்கும்போது, குடம் தூக்கும்போது சிறுநீர் கசிவது பிரசவத்துக்கான தண்டனை அல்ல. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்புவரை விரிந்திருக்கும் இடுப்புத் தளத் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகின்றன. அவை தளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் சரியான நேரத்தில் வேலை செய்யாமல் இருக்கலாம். இரண்டுக்கும் பயிற்சி உண்டு. சிசேரியன் ஆனவர்கள் "எனக்கு வராது" என்று இருந்துவிடுவதும் சரியில்லை. அவர்களுக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் மாதக்கணக்கில் கர்ப்பத்தின் பாரத்தை அதே தசைகள்தானே சுமந்திருக்கின்றன.

சரி, பயிற்சி என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் கெகல், அதாவது இடுப்புத் தளத் தசையைச் சுருக்கிச் சுருக்கி விடுவது. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் வெறுமனே "இறுக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. விரலால் சோதித்து, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று பார்த்தார். அழுத்தம் காட்டும் கருவி ஒன்றைக் கொடுத்து, பெண்களே தங்கள் முயற்சியைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். இன்று பயிற்சி மட்டும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது, சோதனை காணாமல் போய்விட்டது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதையே பயிற்சியாகச் செய்கிறவர்கள் பலர். தசை எது என்று கண்டுபிடிக்க எப்போதாவது ஒரு முறை செய்து பார்க்கலாம். தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போக வாய்ப்பு உண்டு. வேறு சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கி, முக்குகிறார்கள். முக்கினால் தசை மேலே போகாது, கீழேதான் தள்ளப்படும். சோதிக்க ஒரு வழி: தனியாக இருக்கும்போது மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வாயு பிரியாமல் அடக்குவதுபோலச் சுருக்கினால் ஆசனவாய் உள்ளிழுக்க வேண்டும், பிறப்புறுப்புக்கும் அதற்கும் நடுவே உள்ள இடம் மேலெழ வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் செய்வது கெகல் இல்லை.

சரியாக வந்தால், சில நொடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முழுதாக விட வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். ரெண்டு வாரம் செய்துவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று விடுவது வீண். அதற்குள்ளேயே பலன் தரக்கூடிய சின்ன உத்தி ஒன்று இருக்கிறது. தும்மலோ இருமலோ வரும் என்று தெரிந்த அந்த நொடியில், முன்கூட்டியே தசையைச் சுருக்கிக்கொள்வது. இதை மட்டும் பழகிய பெண்களுக்கு ஒரே வாரத்தில் கசிவு குறைந்ததாக 1998-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கையால் சேலையை அழுத்துவதற்குப் பதில் இதைச் செய்யலாம்.

இனி, நான் முக்கியமாக நினைப்பது. இந்தப் பயிற்சி எல்லோருக்கும் ஆகாது. சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். சிறுநீர் கழிக்க ஆரம்பிப்பதே சிரமம், மலம் வெளியேற மறுக்கிறது, அடியிடுப்பில் ஓயாத வலி, உடலுறவின்போது எரிச்சல் என்று அது தன்னைக் காட்டும். இவர்களிடம் கெகல் செய்யச் சொல்வது, ஏற்கெனவே மூடியிருக்கும் கை முஷ்டியை இன்னும் இறுக்கச் சொல்வதுபோல. இவர்கள் கற்க வேண்டியது தசையைத் தளர விடுவதை. வயிறு விரியும்படி மெதுவாக மூச்சிழுத்து, விலா எலும்பும் அடிவயிறும் தளர, இடுப்புத் தளமும் கீழே இளகுவதை உணர வேண்டும். எந்த வகை என்று சோதித்துச் சொல்ல மகளிர் மருத்துவரோ, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டோ வேண்டும். நம் பக்கத்தில் பிசியோ என்றால் முழங்காலுக்கும் முதுகுக்கும் மட்டும்தான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

புதிதாகக் கல்யாணமான பெண்கள் இந்த இறுக்கத்தால் படும் பாடு தனி. சேர்க்கை முயலும்போதெல்லாம் அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலேயே தசை தானாக மூடிக்கொள்ளும். "முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று அக்காமார் சொல்வார்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தால் சரியாகாது. வலி வரும் என்ற பயத்திலேயே அடுத்த முறை தசை இன்னும் முன்னதாக இறுகும். இதற்கிடையில் மாமியார் "ஏதாச்சும் விசேஷம் உண்டா கண்ணு" என்று மாதாமாதம் கேட்க, பெண் குழந்தைப்பேறு மருத்துவரிடம் போய் உட்காருகிறாள், பிரச்சினை என்ன என்று வாய்திறக்காமல். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சில காலம் உட்புகுத்தலை அடியோடு நிறுத்தி, மூச்சுப் பயிற்சியோடு தசையை இளக்கி, யோனிக்குள் வைத்துப் பழகும் குச்சி போன்ற விரிப்பான்களைச் சிறியதிலிருந்து பெரியதாகப் படிப்படியாகப் பழக்குவார்கள். கணவனும் கூட வந்து கேட்டால் நல்லது. அவளுக்கு ஆசையில்லை என்றோ பிடிவாதம் என்றோ நினைப்பதைவிடப் பெரிய தவறு இதில் கிடையாது.

எல்லா வலியும் தசையால்தான் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொற்று, தையல் தழும்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), யோனி வறட்சி எதுவாகவும் இருக்கலாம். பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வறட்சி சகஜம். மாதவிடாய் நின்ற பிறகும் அப்படியே. தண்ணீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை எளிதில் கிழியலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகவே உதவும், ஆனால் மருத்துவர் எழுதித்தான்.

படிகாரத் தண்ணீர், டெட்டால், "இறுக்கமாக்கும்" ஜெல் இவற்றைத் தூக்கிப் போடுங்கள். யோனியின் உள்ளே இயல்பாகவே அமிலத் தன்மை உண்டு, அதுவே கிருமியைத் தடுக்கிறது. கழுவிக் கெடுத்துக்கொண்டால் எரிச்சலும் தொற்றும்தான் மிச்சம்.

அடுத்தது தண்ணீர். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறும் பெண்களில் எத்தனை பேர் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருப்பார்கள்? ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்களும் அப்படித்தான். குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து பையை எரிச்சலூட்டும், மலம் கட்டும், முக்க வேண்டி வரும், அந்த முக்கலே தசையைக் கெடுக்கும். ஆனால் எஸ்டேட்டில் ஒதுங்க இடமில்லாதவரிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்வது எனக்கு அபத்தமாகப் படுகிறது. தோட்டத்தில் கழிப்பிடம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கேட்க வேண்டியது முதலாளியிடம்.

இதற்கு நேரெதிரான பழக்கமும் உண்டு. "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்று முட்டாமலேயே அடிக்கடி போவது. பை சின்ன அளவுக்கே பழகிக்கொள்ளும். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. அதற்கு முன்னே அவசரம் வந்தால் 10 நிமிடம், 15 நிமிடம் என்று மெல்லத் தள்ளிப்போட்டுப் பழகலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் மலம் கழிக்கச் சிரமப்படுகிறவர்கள் காலுக்கடியில் சின்ன முக்காலி வைத்துக்கொள்ளட்டும்.

"அடி இறங்கிடுச்சு", அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது என்றதும், அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் போகிறவர்கள் இங்கே நிறைய. எல்லா இறக்கத்துக்கும் ஆபரேஷன் தேவையில்லை. ஆரம்ப நிலையில் பயிற்சியும், இறங்கியதைத் தாங்க யோனிக்குள் பொருத்தும் வளையமும் பெரும்பாலும் போதுமானவை. கர்ப்பப்பையை எடுப்பதால் கசிவு நிற்கவும் நிற்காது.

யாரும் சந்தேகப்படாத ஒன்று மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும், இருமலால் கசிவு வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்றிக் கேளுங்கள். அடிக்கடி சிறுநீர் போனால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

சிறுநீரில் ரத்தம், சேர்க்கைக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பின் ரத்தம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவது: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. மற்றபடி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கோ வேறு மகளிர் மருத்துவரிடமோ போகும் முன், 3 நாள் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது. உடலுறவில் வலி இருந்தால் அதையும் அதே சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். கூட்டத்துக்கு நடுவே வாயால் சொல்ல வராவிட்டால் சீட்டை நீட்டினால் போதும்.