முதல்முறை இஸ்தான்புல்: பழைய நகரை ஒரே நாளில் நடந்தே பார்ப்பது எப்படி?

இஸ்தான்புல்லுக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படி ஓட வேண்டியதே இல்லை. சுல்தானஹ்மத் பகுதியில் நான் சொல்லப்போகிற இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சில நிமிட நடைதான். எதற்குப் பின் எதைப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

படி 1: கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆ தொழுகை முடியும்வரை பள்ளிவாசல்களுக்குள் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். செவ்வாயன்று தோப்காப்பி அரண்மனைக்கும் ஞாயிறன்று கிராண்ட் பஜாருக்கும் விடுமுறை. புதனோ வியாழனோ தோது.

தோளும் முழங்காலும் மறைகிற உடை வேண்டும். பெண்கள் கைப்பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். டிராமுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே இஸ்தான்புல்கார்ட் (பணம் ஏற்றிக்கொள்ளும் பயண அட்டை) போதும்.

படி 2: காலை 8 மணி, குதிரைப் பந்தயத் திடல்

டி1 டிராமில் வந்து சுல்தானஹ்மத் நிறுத்தத்தில் இறங்குங்கள். தெருவண்டியில் எள் தூவிய சிமித் ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே திடலுக்குப் போய்விடுங்கள். ரோமர் காலத்தில் தேர்ப்பந்தயம் நடந்த இடம், இன்று திறந்த சதுக்கம். இங்கே டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது. அதனால்தான் மற்ற இடங்கள் திறப்பதற்கு முன்பே இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோஸ் கர்னாக் கோயிலில் நிறுத்திய ஒற்றைக்கல் தூண் இங்கே நிற்கிறது. கி.பி. 390-இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் இதை இங்கு நட்டார். எல்லோரும் அண்ணாந்து தூணையே பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து பளிங்குப் பீடத்தைப் பாருங்கள். பந்தயத்தில் ஜெயித்தவனுக்குச் சூட்டுவதற்காகப் பேரரசர் கையில் மாலையோடு நிற்கிறார். அதே பீடத்தில் தூணை நிறுத்த எத்தனை நாள் ஆனது என்றும் வெட்டியிருக்கிறார்கள். லத்தீனில் 30 நாள் என்றும் கிரேக்கத்தில் 32 நாள் என்றும் இருக்கிறது!

படி 3: ஹகியா சோபியா

இந்த நாளின் நடுநாயகம் இதுதான். நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், 2 மணி நேரம் ஒதுக்குங்கள். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் 532-இல் தொடங்கி 537-இல் கட்டி முடித்த தேவாலயம் இது. 1453-இல் உதுமானியர் நகரைப் பிடித்ததும் பள்ளிவாசல் ஆனது, 1935-இல் அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடியும் பள்ளிவாசல். கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது. பயணிகள் தனி வாசல் வழியாக, கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்குப் போக வேண்டும்.

குவிமாடம் தரையிலிருந்து சுமார் 55 மீட்டர் உயரம். அதன் அடிவட்டம் முழுக்க 40 சாளரங்கள். அவற்றின் வழியே வெளிச்சம் பாயும்போது, அவ்வளவு பெரிய பாரம் எதன்மேல் நிற்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. சீரமைப்புப் பணிக்காகச் சாரம் கட்டியிருந்தாலும் மனம் சலிக்காதீர்கள். மேல்மாடத்தில் மட்டுமே காணக்கூடியவை இருக்கின்றன.

தெற்கு மாடத்தின் கிழக்குக் கோடியில் அரசி ஸோயியின் மொசைக் ஓவியம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அவருடைய மூன்றாவது கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன். அவர் தலைக்கு மேலே உள்ள எழுத்துகளை உற்றுப் பாருங்கள், பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயரைப் பதித்த தடம் தெரியும். அதே மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் சில கீறல்களும் உண்டு. அவை வட ஐரோப்பாவின் பழைய ரூனிக் எழுத்துகள். ஹால்ஃப்டான் என்ற வைக்கிங் கடலோடி தன் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறான். பேரரசர்களின் பொன் ஓவியங்களைவிட, எங்கிருந்தோ வந்த அந்த மனிதனின் பெயர்தான் என்னை அதிகம் நெகிழவைக்கிறது.

படி 4: வெயில் ஏறியதும் நிலத்தடிக்கு

சாலையைக் கடந்தால் யெரெபாதான் நிலத்தடி நீர்த்தேக்கம். உச்சிவெயிலில் உள்ளே இறங்கினால் சில்லென்று இருக்கும். 9 மீட்டர் உயரத்தில் 336 தூண்கள், ஒவ்வொன்றும் நீரில் தலைகீழாகத் தெரியும். கடைசி மூலைவரை போய்விட்டு வாருங்கள். அங்கே இரண்டு தூண்களுக்கு அடியில் மெதூசாவின் (கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தல் கொண்டவள்) தலைச் சிற்பங்கள் கிடக்கின்றன, ஒன்று தலைகீழாக, மற்றொன்று பக்கவாட்டில். வழுக்கும், பார்த்து நடங்கள்.

படி 5: நீலப் பள்ளிவாசல்

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து வாசலைத் திறந்ததும் போங்கள். கட்டணம் இல்லை. 1616-இல் முடிந்த கட்டடம், ஆறு மினாராக்கள். உள்ளே 20,000-க்கும் மேற்பட்ட இஸ்னிக் நகரத்து வண்ண ஓடுகள். குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களுக்குத் துருக்கியர் வைத்த பெயர் யானைப்பாதம். பக்கத்தில் நின்றால் பெயரின் பொருத்தம் புரியும். தொழுபவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

தோப்காப்பியையும் இன்றே முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தப்புரத்தோடு சேர்த்து அதற்கே அரைநாள் பிடிக்கும், நாளைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாலை, படகு

டிராமில் எமினோனு இறங்கி, எதிரே ஆசியக் கரையில் உள்ள உஸ்கூதார் போகும் பொதுப் படகில் ஏறுங்கள். சுற்றுலாப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள், தேவையில்லை. சூரியன் மறைவதற்கு அரைமணி முன்பு கிளம்பி, பின்பக்கத் தளத்தில் இடம்பிடியுங்கள். கரை விலக விலக, காலையிலிருந்து நடந்த இடங்கள் எல்லாம் குவிமாடங்களும் மினாராக்களுமாக, சிவந்த வானத்தின் முன் கருத்த கோடாக எழும்பும். படகிலேயே இடை சிறுத்த கண்ணாடி டம்ளரில் தேநீர் விற்பார்கள். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பால் இருக்காது.