கையளிப்பு நாளோடு நின்றுபோகும் உதவிகள்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற ஊர்ச் சங்கம் காசு சேர்த்து அனுப்பும். இலங்கையின் வடக்கே வன்னியில், துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, மாலை போட்டு, படமும் எடுத்துக் கையளிப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் கொடுத்த சாமானில் பாதி மூலையில் கிடக்கும். காசு போதாமல் இப்படி ஆவது குறைவு. கொடுக்கிற நாளுக்குக் கணக்குப் போட்டவர்கள் அடுத்த நாளுக்குப் போடாமல் விடுவதுதான் வழக்கமான காரணம்.

சைக்கிளை எடுங்கள். 26 அங்குலத்தில் 50 சைக்கிள் ஒரேயடியாக வாங்கினால் கடைக்காரர் விலை குறைப்பார். ஆனால் தரம் 6 பிள்ளைக்குக் கால் எட்டாது; இடுப்பை இரண்டு பக்கமும் சரித்துச் சரித்து மிதிக்கும், கிரவல் ரோட்டில் விழும். பெயர்ப் பட்டியலோடு உயரத்தையும் எழுதி வாங்குங்கள். சீற்றில் இருந்தபடி இரண்டு முன்பாதமும் நிலத்தில் படவேண்டும். அடுத்தது ரியூப். முள்ளுப் பாதையில் அது முதல் மாதமே போய்விடும். ஒட்டுப்போட வழியில்லாத வீட்டில் சைக்கிள் அப்படியே சுவரில் சாத்தப்படும். 50க்குப் பதில் 42 வாங்குங்கள். மிச்சக் காசில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலதிக ரியூப், பள்ளிக்கூடத்தில் பம்ப், சொலூசன், ஸ்பனர். மீதியைச் சந்தியில் இருக்கிற சைக்கிள் கடைக்காரரின் திருத்தக் கூலிக்கு ஒதுக்குங்கள். அதையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். அதிபர் கையொப்பமிட்ட பில்லுக்கு மாதாமாதம் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற காலைச் சாப்பாட்டில் முதல் தவறு, அதைக் கொடுக்கிற நேரம். இடைவேளைக்குக் கொடுத்தால், வெறும் வயிற்றோடு நடந்து வந்த பிள்ளைக்கு அதுவரை நடந்த பாடமெல்லாம் வீண். முதல் மணிக்கு முன்பே தட்டு கைக்கு வரவேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ந்த பயறு அல்லது கௌபி 40 கிராம் வைத்தால் ஏறக்குறைய 9 கிராம் புரதம் கிடைக்கும். 80 பிள்ளைகளுக்கு 3.2 கிலோ. கௌபியை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். அது யாருடைய வேலை என்று பெயர் சொல்லி ஒப்படைக்காவிட்டால் விடிய அது அவியாது, பிறகு பாணும் சம்பலும்தான். கூடவே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது அடுத்த பிழை. தேயிலைச் சாயம் பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள், பயறில் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இரும்புச்சத்துக் குளிசை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அரசின் பாடசாலைச் சுகாதாரத் திட்டத்திலேயே அந்தக் குளிசை இருக்கிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு வழியால் போகக்கூடாது.

படிப்புக்கு உதவி என்றால் எல்லாருக்கும் தரம் 11தான் ஞாபகம் வரும். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது மண்டபத்தில் 200 பிள்ளைகளை இருத்திக் கருத்தரங்கு வைப்பார்கள். கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை பெரும்பாலும் தரம் 6, 7 பின்னத்திலேயே தடக்கியிருக்கும். கருத்தரங்கு அதைத் தொடவே தொடாது. தரம் 8இல் ஒரு பக்கத் தாள் கொடுத்துப் பாருங்கள்: பின்னக் கூட்டல், நூற்றுவீதம், மறை எண், எளிய சமன்பாடு. எங்கே பிழைக்கிறதோ அங்கிருந்து, 12 பேருக்கு மேற்படாத குழுவாக, கிழமைக்கு இரண்டு நாள். பின்னேர வகுப்பைப் பஸ் நேரம் பார்த்து முடியுங்கள். யானை வருகிற பாதையால் பிள்ளையை இருட்டில் அனுப்பிவிட்டு வரவு குறைகிறது என்று முறைப்படக்கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க்கான பாட் பைக்கற் கொடுப்பது நல்லதுதான் (தயவுசெய்து படம் எடுக்காமல்). அதற்கு முன் மலசலகூடக் கதவை உள்ளே நின்று சாத்திப் பாருங்கள். கொண்டி இல்லையென்றால் எந்தப் பிள்ளையும் அங்கே பாட் மாற்றாது. அந்த நாட்களில் வீட்டில் நிற்கும். முதலில் கொண்டி, பிறகு பாவித்த பாட்டைப் போட மூடியுள்ள வாளியும் அந்தப் பாட்டை எரிக்க ஓரிடமும், பிறகு உள்ளேயே தண்ணீர்க் குழாய். பைக்கற் அதற்குப் பிறகு.