பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்க மண் எடுப்பது எப்படி?

உரப் பரிந்துரைக்காக மண் எடுத்துப் பழகிய பலர், எச்சப் பரிசோதனைக்கும் அதே போல உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோகிறார்கள். இது தப்பு. வெயில் பட்டால் சில மருந்துகள் சிதையும், சில ஆவியாகும். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள்களும் அளவீட்டைக் குழப்பும்.

முதலில் கருவிகள். மண்வெட்டி, ஸ்டீல் கரண்டி, ஸ்டீல் வாளி மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவி, அசிட்டோனால் அலசிக் காயவிடுங்கள். வயலுக்கு வயல் கையுறையை மாற்றுங்கள்.

வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் மண் எடுக்க வேண்டும். வரப்பு ஓரமும் மருந்து கலக்கும் இடமும் வேண்டாம். சருகை மட்டும் ஒதுக்குங்கள், மேல்மண்ணைச் சுரண்டாதீர்கள். பல மருந்துகள் அங்கேதான் தங்கியிருக்கும். 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள்.

எல்லாவற்றையும் வாளியில் கலந்து, கல்லும் வேரும் நீக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்யலாம். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பயிர், ஆழம், தேதி, கடைசியாக அடித்த மருந்து எல்லாம் எழுதி ஒட்டுங்கள். ஐஸ் பெட்டியில் அன்றே கொண்டுபோவது நல்லது. தாமதமானால் மைனஸ் 20 டிகிரியில் உறையவையுங்கள்.

ஆய்வகத்தில் 2 மி.மீ. சல்லடையில் சலித்தபின், கொஞ்சம் மண்ணைத் தனியே 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி ஈரம் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஈரம் 20 சதவீதம் என்றால் 10 கிராமில் உலர்மண் 8 கிராம்தான். ஈரமண்ணில் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் என்று வந்தது, உலர்மண் கணக்கில் 0.05 ஆகிவிடும்.

அப்புறம் மண்ணிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தல். 2003இல் வெளியான கெச்சர்ஸ் (QuEChERS) என்ற பிரித்தெடுக்கும் முறை தொடக்கக்காரர்களுக்கு எளிது. சலித்த ஈரமண் 10 கிராமோடு 10 மி.லி. தண்ணீர் சேர்த்து ஊறவிட்டு, 10 மி.லி. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்குங்கள். அது நச்சு, தீப்பிடிக்கும், ஆகவே ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்) மட்டும். 4 கிராம் நீரற்ற மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு போட்டவுடன் வேகமாகக் குலுக்காவிட்டால் கட்டிதட்டும். மையவிலக்கியில் சுழற்றியதும் மேலே பிரிந்து நிற்கும் திரவத்தைச் சுத்திகரித்து, எச்சத்தை அளக்கும் கருவிக்கு அனுப்பலாம்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இதில் சிக்காது, அதற்குத் தனி முறை வேண்டும். எந்த மருந்தைத் தேட வேண்டும் என்பதை மாதிரி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.