இடையில் வருவதை விரலால் மறையுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.50 மதிப்பெண் போய்விடும். பிழை கண்டறியும் வினாக்களில் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'த வாட்டர் இன் த கெனால்ஸ் ஆர் ரைசிங்' என்பது காதுக்குச் சரியாகவே படும். பக்கத்தில் நிற்கும் 'கெனால்ஸ்' நம்மை இழுத்துவிடுகிறது. 'இன்', 'ஆஃப்', 'வித்' என்று தொடங்கும் பகுதியைத் திரையில் விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். எழுவாய் 'வாட்டர்' என்பதால் 'இஸ்'தான் வரும்.

ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய வினாத்தாள்களில் வந்தவற்றை எடுத்து, மேட்டூர் அணை திறப்பு, குறுவை நடவு என்று தெரிந்த செய்தியை வைத்துச் சொந்த வாக்கியம் எழுதுங்கள்.