அனரெக்சியா வந்த பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடு கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனரெக்சியா என்பது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து உடம்பைப் பட்டினி போடும் மனநோய். பிள்ளை சோற்றைக் குறைத்து, எடை இறங்கி, மாதவிடாயும் நின்றுவிட்டால் வீட்டில் எல்லோரும் காரணம் தேடத் தொடங்குகிறார்கள். பரீட்சைப் பயமா, கண்ணூறா, யாரும் கேலி செய்தார்களா? தேடலிலேயே வாரங்கள் போய்விடும், எடையும் இறங்கிக்கொண்டே இருக்கும். 1980களில் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை காரணத்தைத் தேடுவதில்லை. எடை திரும்பும்வரை என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். சிகிச்சையாளர் அவர்களுக்குத் துணை நிற்கிறார். 2010இல் அமெரிக்காவில் 121 பிள்ளைகளுடன் நடந்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டின் பின் இந்த முறையில் 49 வீதமானோரும், தனிநபர் சிகிச்சையில் 23 வீதமானோரும் முழுமையாகத் தேறியிருந்தார்கள்.

ஆனால் வைத்தியரிடம் காட்டாமல் அவசரமாக நிறைய ஊட்டத் தொடங்காதீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குள் மாச்சத்து திடீரென்று கூடினால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்னும் உப்பு சடுதியாக இறங்கி இதயத் துடிப்பே குழம்பலாம். முதலில் திருகோணமலைப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். நாடி, படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம், ஈசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பொஸ்பேற்று, சீனி எல்லாம் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தால், மயங்கி விழுந்தால், தண்ணீரையும் மறுத்தால், சாகப்போவதாகச் சொன்னால், அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. இலங்கையில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926.

அடுத்த தவறு அன்பினால் வருவது. "என்ன வேணும் மகள்? ஒரு இடியப்பமாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதும் பேரம் தொடங்கிவிடுகிறது. ஒன்று அரையாகும், சொதி தண்ணீராகும், கடைசியில் தேத்தண்ணியோடு எழும்பிவிடுவாள். பட்டினியில் இருக்கும் மூளையோடு நியாயம் பேசி வெல்ல முடியாது. சமைக்கும்போது பிள்ளை குசினிக்குள் நிற்க வேண்டாம். கோப்பையில் போட்டு முன்னால் வைத்து, பக்கத்தில் இருங்கள். "இதுதான் இப்ப உங்கட மருந்து. அடுத்த வாய் எடுங்கோ மகள்." அழுதாலும் கத்தினாலும் அதே குரலில் அதே வசனம். டெங்கு வந்த பிள்ளையைக் காய்ச்சலுக்காக ஏசமாட்டோம், இதற்கும் ஏச வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம், சிற்றுண்டிக்குக் கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் விட்டால் அதற்கு ஈடான சத்துப் பானம் கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் குளியலறைக்குத் தனியே விடாதீர்கள்.

கோப்பையில் என்ன இருக்கிறது என்பதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். கீரை, அவித்த மரக்கறி, எண்ணெயில்லாத குழம்பு எல்லாம் அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றால் நல்லது. இந்தப் பிள்ளைக்கு அவை வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது. தேறும் காலத்தில் நாளொன்றுக்கு 2500 முதல் 3000 கலோரி, சிலருக்கு அதற்கும் மேலே தேவைப்படும். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை வைத்தியர் சொல்லுவார். மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு மூன்று சிற்றுண்டியும் என்று பிரியுங்கள். அளவைப் பெருக்காமல் செறிவைக் கூட்டுவதே பிள்ளைக்கும் இலகு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி, 30 கிராம் முழு ஆடைப் பால்மாவில் 150, 50 கிராம் கச்சானில் 280 இருக்கிறது. சொதிக்கு முதற்பால், புட்டுக்கு நிறையத் தேங்காய்ப்பூ, மீனை அவிக்காமல் பொரித்து, பின்னேரம் எள்ளுருண்டை அல்லது நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி. "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "உங்களுக்குத் தேவையானது போட்டிருக்கு" என்பது போதும். பசியை அடக்கும் பிளேன்ரீயைச் சாப்பாட்டுக்கு முன் கொடுக்காதீர்கள்.

பாடசாலை இடைவேளையும் ரியூசனுக்கு ஓடும் நேரமும் பெரிய ஓட்டைகள். சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வந்தது என்பதற்காகப் பிள்ளை சாப்பிட்டது என்று எடுக்க முடியாது. தொடக்க வாரங்களில் பாடசாலைக்கு லீவு எடுங்கள், அல்லது அதிபரின் அனுமதியோடு இடைவேளையில் பெற்றோரில் ஒருவர் போய்ப் பக்கத்தில் இருங்கள். கடற்கரையில் ஓடுவதும் விளையாட்டுப் போட்டிப் பயிற்சியும் வைத்தியர் சொல்லும்வரை நிற்க வேண்டும். கந்தசஷ்டி, வெள்ளி விரதங்களும் அப்படித்தான். நோன்பு நாட்களில் நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தருகிறது.

அம்மா ஊட்ட அப்பா "இன்றைக்கு விடு, பாவம்" என்றால் அந்த வேளை போய்விட்டது. கட்டாரில் இருக்கும் அப்பாவானாலும் வீடியோ அழைப்பில் அம்மா சொல்வதையே சொல்ல வேண்டும். அம்மம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு" என்ற பாசமான வார்த்தை அந்தப் பிள்ளையின் காதில் "கொழுத்துவிட்டாய்" என்றே விழும். தம்பி தங்கைக்குக் காவல் வேலை கொடுக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு கூட இருந்து கரம் விளையாடட்டும்.

எடையை ஒவ்வொரு நாளும் பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பின், மெல்லிய உடுப்போடு பாருங்கள். முன்கூட்டித் தண்ணீர் குடிப்பதும், உடுப்புக்குள் பாரம் ஒளிப்பதும் நோயின் வேலை. வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் ஏறுவது நல்லது. நான்காவது வாரத்துக்குள் ஏறத்தாழ 2 கிலோ ஏறிய பிள்ளைகள் தேறும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஏறாவிட்டால் பொறுத்துப் பார்க்காமல் அந்த வாரமே சாப்பாட்டைக் கூட்டும் வழியைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

கன்னம் நிரம்பியதும் நிறுத்திவிடுவது எல்லாவற்றிலும் பரிதாபமான தவறு, ஏனென்றால் பட்ட பாடு முழுவதும் அங்கேதான் வீணாகிறது. உடம்புக்குப் பின்னால்தான் எண்ணம் தேறும். சிகிச்சை 6 முதல் 12 மாதங்கள் எடுக்கும். எடை திரும்பி, சண்டையில்லாமல் சாப்பிடும் நிலை வந்தபின், முதலில் பின்னேரச் சிற்றுண்டியை மட்டும் பிள்ளையின் கையில் விடுங்கள். இரண்டு வாரம் எடை நிலைத்தால் பாடசாலைச் சாப்பாட்டையும் விடலாம். இறங்கினால் கோபமில்லாமல் அந்த வேளையைத் திரும்ப உங்கள் கைக்கு எடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் கொடுத்துப் பாருங்கள்.