சொந்தப் போனில் செக்ரோல்: ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் வழிமுறை

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருக்கிறேன். முன்பெல்லாம் பெரட்டில் (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) போட்ட பேரும் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுத்த கொழுந்தும் பெரிய செக்ரோல் புத்தகத்தில், அதாவது வேலைநாள், சம்பளப் பதிவேட்டில், ஏறும். இப்போது சிஸ்டத்தில் ஏறுகிறது. அலுவலகத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதன் முன்னால் எப்போதும் பெரிய கிளாக்கர். ஆகவே நான் என் போனில்தான் பதிகிறேன்.

அந்த சிஸ்டத்தில் ஆட்களின் அடையாள அட்டை எண், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எண், சம்பளம் எல்லாம் இருக்கின்றன. என் சொந்தச் சித்தியுடையதும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், சித்தியின் சம்பளம் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்தால் என் கதி என்ன?

முதலில் பூட்டு. ஆறு இலக்கமாவது வையுங்கள். மழையில் நனைந்த விரலைப் போன் அடையாளம் காணாது, அதனால் கைரேகை இருந்தாலும் அந்த இலக்கத்தைத்தான் அடிக்கடி அடிப்பீர்கள். பிறந்த வருஷம் மட்டும் வேண்டாம். நம் நாட்டு அடையாள அட்டை எண்ணிலேயே அது இருக்கிறது.

அடுத்தது வேர்க் புரொஃபைல், ஆண்ட்ராய்டு போனில் வேலைக்கென்று பிரித்துவைக்கும் பகுதி. அலுவலகக் கணக்கைப் போனில் சேர்க்கும்போது தலைமை அலுவலகத்திடம் இதையே கேளுங்கள். அலுவலக ஆப்களெல்லாம் தனி அறைக்குள் போய்விடும், ஐகானின் மூலையில் ஒரு சின்னக் கைப்பெட்டி தெரியும். அதற்கு வெளியே இருக்கும் உங்கள் படங்களையோ மெசேஜையோ கம்பனியால் பார்க்க முடியாது. வேலையை விட்டால் அந்த அறையை மட்டும் அழிப்பார்கள். “போன் முழுவதையும் அழிக்க அனுமதி” என்று ஏதாவது திரையில் வந்தால் அழுத்தாமல் கேளுங்கள். பழைய மாதிரி மெயில் செட்டிங்குகளில் அப்படி வரும். ஞாயிற்றுக்கிழமை அந்த அறையை அணைத்தும் வைக்கலாம். நான் அணைத்துவிடுகிறேன். துரை (தோட்ட மேலாளர்) கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இனி, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி. அலுவலகத்தில் வைஃபை உண்டு, ஆனால் என் சிம்முக்கு சிக்னல் இல்லை. சிஸ்டத்துக்குள் நுழைய எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் இலக்கத்துக்காகக் கோயில் மேட்டுக்கு ஏறுவேன், வந்து சேர்வதற்குள் அது காலாவதியாகிவிடும். தலைமை அலுவலகத்துத் தம்பியிடம் புலம்பினேன்.

“அக்கா, ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்க. அதுக்கு சிக்னலே வேணாம்.”

உண்மைதான். இலக்கம் போனுக்குள்ளேயே உருவாகி 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சம்பள வாரத்தில் எந்த இலக்கத்தைப் போட்டாலும் தவறு என்றே வந்தது. பார்த்தால், கேமில் கூடுதல் உயிர் கிடைக்கட்டும் என்று மகன் தேதியை மறுநாளுக்குத் தள்ளியிருக்கிறான்! தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்கள். ஆப் தொடங்கும்போது அலுவலகக் கணக்கு தரும் மாற்று இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். என்னுடையவை முருகன் படத்துக்குப் பின்னால்.

செக்ரோல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். நான் அனுப்பிய ஒன்று மேட்டு லயத்துக் கிரிக்கெட் குழுவுக்குப் போனது. உடனே அழித்தேன், அதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

திரை உடைந்து ஹட்டன் டவுனில் திருத்தக் கொடுத்தால் பூட்டு இலக்கத்தைக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் வேர்க் புரொஃபைலை நீக்கிவிடுங்கள், திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

போன் தொலைந்தால் பொலிசுக்குப் போகுமுன் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் கணக்கைத் துண்டிப்பார்கள். பொலிசில் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) கேட்பார்கள். இன்றைக்கே *#06# அழுத்தி அதைக் குறித்து வையுங்கள், போனுக்குள் அல்ல. நான் பழைய செக்ரோல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.