விவாகரத்துக்கு முன்பே வழக்கு: மலையகத்தில் செய்யக்கூடாத தவறுகள்

"விவாகரத்து எடுத்த பிறகுதான் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கேட்கலாம்" என்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுகிறார். அதை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. இலங்கையின் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, வசதி இருந்தும் கணவன் கைவிட்டால், தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே நிலையில் கணவனும் மனைவியிடம் கேட்கலாம். விவாகரத்து வேறு வழக்கு, அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

பெரிய சறுக்கல் பொலிஸ் நிலையத்தில்தான் நடக்கிறது. முறைப்பாடு போகும், தோட்டத் தலைவர் வருவார், மாமனார் வருவார், சமரசம் பேசுவார்கள். கடைசியில் ஒரு தாளில் சிங்களத்தில் நாலு வரி. "கையெழுத்துப் போடும்மா, வீட்டுக்குப் போகலாம்." அந்த நாலு வரியில் 'இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்' என்று இருந்தால் வினைதான். சம்மதத்தோடு பிரிந்திருக்கும் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை கிடையாது என்கிறது அதே சட்டம். அடி தாங்காமல் ஓடிவந்தவள், தாளில் விரும்பிப் பிரிந்தவளாகிவிடுகிறாள். நல்லவேளையாக, பிள்ளைகளுக்கான தாபரிப்பு இதனால் போய்விடாது. வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், தலைவர் கோபித்துக்கொண்டாலும் சரி. நீதிமன்றத்தில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்புத் தரவேண்டியது அரசின் பொறுப்பு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை அது.

பொலிஸில் முறைப்பாடு போட்டதையே வழக்கு என்று நினைப்பதும் தவறு. அடி, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். லயக் காம்பரா (லய அறை) கணவர் பெயரில் பதிவாகியிருக்கிறதே என்று பெண்கள் பிள்ளைகளோடு வெளியேறிவிடுகிறார்கள். சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் அவர் வரக்கூடாது என்றும் நீதவான் கட்டளையிட முடியும்.

தாபரிப்பு வழக்குக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். கணவன் கொழும்பில் கடை வேலை செய்தால், என்ன உழைக்கிறார் என்பதற்குச் சம்பளச் சீட்டோ வங்கிப் பதிவோ தேடுங்கள். கட்டளை கிடைத்தபின் சம்பளத்திலிருந்தே கழிக்கவும் வழி உண்டு. நகையை அவர் அடகு வைத்திருந்தால் அந்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொண்டு போங்கள். தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் பிள்ளைகளுக்காகக் கேட்கத் தடையில்லை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் கடன் வாங்குவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமின்றி உதவுகிறார்கள்.